பழி சுமந்த கிணறு: வவுனிக்குளம் பக்கத்தில் ஒரு களைநாசினிச் சோதனை

வைகாசிக் கடைசியில், மல்லாவியிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு ஒரு பொலித்தீன் பை கொடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு தக்காளிக் கொப்பு. வெக்கையில் வாடியிருந்தாலும் அதன் கோணல் தெளிவாகத் தெரிந்தது. இலைகள் ஒடுங்கி நாடா மாதிரி நீண்டிருந்தன. நரம்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சமாந்தரமாக ஓடின. தண்டு ஒரு முறுக்கு முறுக்கி நிலத்தைப் பார்த்தது. பையோடு ஒரு துண்டுக் கடதாசி: "கிணத்துத் தண்ணியில் ஏதோ கலந்திருக்கு. பார்த்துச் சொல்லவும்."

அனுப்பியவர் எனக்குத் தூரத்து உறவில் அக்கா முறை. வவுனிக்குளத்து வாய்க்கால் பாயும் வயல்களை ஒட்டி அவர்களுக்கு ஒரு மேட்டுக்காணி இருக்கிறது. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய், செட்டிகுளத்து முகாமில் இருந்து திரும்பி வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை அந்தக் காணிக் கிணற்றை இறைத்துச் சேறு எடுத்ததுதான். வீடு அதற்குப் பிறகுதான் எழும்பியது. ஆகவே அக்கா கிணற்றைப் பற்றிக் கதைத்தால், வீட்டில் ஒரு ஆளைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் இருக்கும்.

அந்தக் கிணற்றின் மேல் ஒரு பழியைப் போட்டவன் நான். போட்டதும் அந்தப் பழியை எடுத்ததும் களைநாசினியைப் பிடிக்க நான் செய்த ஒரே வெள்ளைத் தூளை வைத்துத்தான். இரண்டு தரமும் என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன். இந்தத் தூளைச் செய்யப் போகிற, செய்ய ஆசைப்படுகிற தம்பி தங்கச்சிமார் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வீட்டை அலைக்கழிக்காமல் இருக்க வேண்டும்.

தோட்டத்தில் பார்த்தது

பை வந்து இரண்டு நாளில் நேரே போனேன். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. புழுதி கண்ணைத் திறக்கவிடவில்லை. பத்து வரிசைத் தக்காளி, அதற்கு அப்பால் கொஞ்ச மிளகாய், வேலியோரம் சோளம், கிணற்றடியில் இரண்டு பப்பாசி. தக்காளியில் படலைப் பக்கமிருந்த முதல் நான்கு வரிசையும் மோசம். அடுத்த மூன்றில் கொஞ்சம். கடைசி வரிசைகளில் அங்கொன்று இங்கொன்று. சோளம் நிமிர்ந்து பச்சையாக நின்றது.

இலைச்சுருளுக்கு வன்னியில் காரணம் தேட வெகுதூரம் போகத் தேவையில்லை. இலைப்பேன் அடித்தால் மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணி அடித்தால் கீழ்நோக்கிக் கவிழும். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரசுக்குத் தக்காளி இலை மஞ்சளாகிக் கிண்ணம் போலக் குவியும். கைவில்லையை வைத்து இலையின் அடிப்பக்கம் முழுக்கப் பார்த்தேன். சிற்றுண்ணி இல்லை. மஞ்சளும் இல்லை. நாடா போல நீண்ட இலை, நெருங்கிய நரம்பு, முறுகிய தண்டு, பக்கத்தில் புல்லினச் சோளத்துக்கு ஒரு கீறலும் இல்லாமை. இவை நான்கும் சேர்ந்தால் நெல்வயலில் அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் அடிக்கிற ஓமோன் வகைக் களைநாசினியைத்தான் சந்தேகிக்க வேண்டும். எம்சிபிஏ, 2,4-டி என்ற இரண்டும் அந்தக் குடும்பம். 1940களில் உலகப்போர்க் காலத்தில் கண்டுபிடித்தவை.

இவை செடியை ஏமாற்றும் விதம் இந்தக் கதைக்கு முக்கியம். செடிக்குள் ஒக்சின் என்றொரு வளர்ச்சி ஓமோன் இருக்கிறது. அதைப் பிடிக்கிற ஏற்பி டிஐஆர்1 என்ற புரதம் என்று 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. 2,4-டியும் அதே புரதத்தின் அதே குழிக்குள் போய் உட்காரும். செடி தன் ஓமோன் வந்துவிட்டது என்று நினைத்துக் கண்டபடி வளர்ந்து தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். தக்காளிக்கு இது மிகச் சிறு அளவிலேயே படும். ஒரு தக்காளிச் செடியே ஒரு உணர்கருவி என்று சொன்னால் பிழையில்லை.

"கிட்டடியில மருந்து ஏதாவது அடிச்சனீங்களோ, அக்கா?" என்று கேட்டேன்.

"தோட்டத்துக்குக் களைமருந்து அடிக்கிறதே இல்லைத் தம்பி. நான் கையாலதான் பிடுங்குறது. தண்ணியிலதான் வந்திருக்கு. வயலுக்கு அடிக்கினம், அது ஊறி வருது."

சொன்னதில் நியாயம் இருந்தது. எம்சிபிஏ ஒரு மென்னமிலம். எங்கள் கிணற்று நீரின் பீஎச்சில், அதாவது அமில கார அளவில், அது எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும், மண்ணை அவ்வளவாகப் பிடிக்காது, தண்ணீர் போகிற வழியில் போகும். காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் சிதைத்துவிடும். நீர் கட்டி நிற்கிற வயலின் அடிமண்ணில் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். வயலும் கிணறும் ஒரே வேலிக்குள் இருக்கிற இடத்தில் இந்தச் சந்தேகத்தைத் தட்டிவிட முடியாது. அதோடு சிறுநீரக நோய்ப் பயம் வேறு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட, காரணம் இன்னும் உறுதியாகாத அந்த நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் என்றால் யாருக்கும் நெஞ்சு திடுக்கிடும்.

குறிப்புக் கொப்பியில் அன்று எழுதியதை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். கடைசி வரி: "கிணற்றடிப் பப்பாசி இரண்டும் நல்லாயிருக்கு." எழுதினேன், யோசிக்கவில்லை.

அந்த வெள்ளைத் தூள்

குளம் வற்றுகிற காலத்தில் வண்டலில் மாடு நடந்த தடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தில் குளம்பு பதிந்து, வெயிலில் காய்ந்து, கல்லுப் போல இறுகியிருக்கும். அதே அளவுக் குளம்பு அதற்குள் கச்சிதமாக இறங்கும். எருமைக் குளம்பு இறங்காது. ஆட்டுக் குளம்பு இறங்கும், ஆனால் தளர்வாகக் கிடக்கும். மூலக்கூற்று அச்சுப்பதிப்பு என்பது இதுதான். பிடிக்க வேண்டிய மூலக்கூற்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் பல்பகுதியத்தை, அதாவது பொலிமரை, இறுக வைக்கிறோம். பிறகு நடுவில் வைத்ததைக் கழுவி எடுத்துவிட்டால் அதன் வடிவில் ஒரு குழி மிஞ்சும். வடிவம் மட்டுமில்லை, குழியின் சுவரில் அந்த மூலக்கூற்றைக் கையால் பிடிக்கக்கூடிய வேதிக் கூட்டங்களும் அந்தந்த இடத்தில் நிற்கும்.

நொதியத்துக்குள் அதன் பொருள் பூட்டுக்குள் திறப்புப் போலப் பொருந்துகிறது என்று எமில் பிஷர் 1894இல் சொன்னார். 1931இல் பொல்யாக்கோவ் சிலிக்கா ஜெல்லில், உலரும்போது கூட இருந்த கரைப்பானை அது பிறகும் "ஞாபகம்" வைத்திருப்பதைக் கவனித்தார். 1940இல் லைனஸ் போலிங், பிறபொருளெதிரி, அதாவது உடலுக்குள் வந்த அந்நியப் பொருளைப் பிடிக்கும் புரதம், தன் இலக்கைச் சுற்றி அச்சுப் போல மடிந்து உருவாகிறது என்றொரு கொள்கையை வைத்தார். உடலைப் பொறுத்தவரை அது பிழையென்று பின்னர் தெளிவானது. ஆனால் அவரோடு வேலை செய்த பிராங்க் டிக்கி அதே எண்ணத்தைச் சிலிக்கா ஜெல்லில் சாயங்களை வைத்துச் செய்து 1949இல் வெளியிட்டார், அங்கே அது வேலை செய்தது. உடலில் பிழையாகிப்போன ஒரு கொள்கை கண்ணாடித் தூளில் சரியாக வந்தது என்பதை முதன்முதல் படித்தபோது எனக்கு இரவு நித்திரை வரவில்லை. 1972இல் ஜெர்மனியின் குந்தர் வுல்ஃப், சேதனப் பல்பகுதியங்களில் இதைச் செய்தார். சுவீடனின் லுண்டில் கிளவுஸ் மொஸ்பாக் குழு, பலமான பிணைப்பு இல்லாமல் ஐதரசன் பிணைப்பு, மின்னேற்றக் கவர்ச்சி போன்ற மெல்லிய பிடிகளை மட்டும் வைத்துச் செய்து காட்டியது. அந்த வழிதான் வேலையை எங்களைப் போன்றவர்களின் கைக்குக் கொண்டுவந்தது. 1993இல் அவர்கள் தியோபிலின், டயசிபாம் என்ற இரண்டு மருந்துகளையும் பிறபொருளெதிரிக்குப் பதில் இந்தத் தூளை வைத்தே அளந்தார்கள். 2010இல் கென்னத் ஷீயும் ஜப்பானிய நண்பர்களும் தேனீ விஷத்தின் மெலிற்றின் என்ற பொருளுக்கு அச்சுப் பதித்த நுண்துகள்களை உயிருள்ள எலியின் இரத்தத்தில் விட்டு, அந்த விஷத்தை முறித்தார்கள்.

வன்னிக்கு இது ஏன் பொருந்தும் என்று கேட்டால் நான் வெக்கையைத்தான் காட்டுவேன். பிறபொருளெதிரி வைத்த சோதனைப் பெட்டிகளைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டு வருகிற இடத்தில், பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம் போகிற இடத்தில் அது சரிவராது. அச்சுப் பல்பகுதியம் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் இறாக்கையில் கிடக்கும். வெக்கைக்கும் கரைப்பானுக்கும் அசையாது.

எனக்கு வழி காட்டியது மொஸ்பாக் குழுவில் கார்ஸ்டன் ஹவுப்ட் 1998இல் 2,4-டிக்குச் செய்த வேலை. அச்சுக்கு 2,4-டி ஒரு பங்கு. அதைப் பிடிக்க 4-வைனைல்பிரிடீன் 4 பங்கு. எல்லாவற்றையும் கட்டி இறுக்க எதிலீன் கிளைக்கோல் டைமெதக்ரிலேற்று 20 பங்கு. நீரும் மெதனோலும் கலந்த கரைப்பானில் செய்ததுதான் அந்த வேலையின் அழகு. அச்சுப் பல்பகுதியங்களில் பல, தண்ணீரைக் கண்டால் பிடியை விட்டுவிடும், இது விடாது. 2,4-டிக்கும் எம்சிபிஏக்கும் உள்ள வேறுபாடு ஒரு மூலையில் மட்டும்தான்: குளோரின் இருக்கும் இடத்தில் ஒரு மெதைல் கூட்டம். ஒரே குளம்பு அளவு என்று வையுங்கள். இரண்டையும் பிடிக்க வேண்டும் என்பதே என் எண்ணமாகவும் இருந்தது.

நைதரசனை ஊதி ஒட்சிசனை வெளியேற்றி, குழாயை மூடி, 60 பாகையில் ஒரு இரவும் பகலும் வைத்தேன். வெளியே வந்தது கற்கண்டுக் கட்டி போன்ற ஒரு வெள்ளைத் திண்மம். குழாயை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உரலில் இடித்து அரித்து, மிக நுண்ணிய மாவை அசற்றோனில் அலசிப் போக்கி, மெதனோலும் அசற்றிக் அமிலமும் கலந்து பல தரம் கழுவினேன். அதே செய்முறையில் 2,4-டி மட்டும் போடாமல் இன்னொரு தூள். இதை அச்சில்லாத் தூள் என்று சொல்லுகிறேன். இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். போத்தல்களில் பெயர் ஒட்டாவிட்டால் செய்தவனுக்கே தெரியாது.

முதல் தீர்ப்பு

அளக்கும் முறையும் ஹவுப்டிடமிருந்து வந்ததுதான். கூமரின் வழி வந்த ஒரு ஒளிர்பொருளில் 2,4-டியில் இருக்கிற அதே அமிலக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அது குழிகளில் அரைகுறையாகப் போய் உட்காரும். களைநாசினி வந்தால் அதை எழுப்பிவிட்டுத் தான் உட்காரும். எழும்பியது தண்ணீரில் மிதக்கும். தூளை அடையவிட்டு மேல்நீரின் ஒளிர்வை அளந்தால், ஒளி கூடக்கூடக் களைநாசினி கூட என்று கணக்கு.

காய்ச்சி வடித்த நீரில், பீஎச்சை மாறாமல் வைத்திருக்கும் தாங்கற்கரைசல் சேர்த்து, அறிந்த அளவில் எம்சிபிஏ கலந்து அளவுகோல் போட்டேன். வளைகோடு வடிவாக வந்தது. அப்புறம் அக்காவின் கிணற்று நீர். ஒளிர்வு ஏறியது, நன்றாக ஏறியது. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் ஏறியது. எனக்குக் கை நடுங்கியது. பயமும் இருந்தது, சொல்லத் தயக்கமில்லை, கொஞ்சம் பெருமையும் இருந்தது. நானே செய்த தூள் ஒரு கிணற்றைப் பற்றி எனக்குச் சொல்லுகிறது.

அன்று பின்னேரமே அக்காவுக்குக் கோல் எடுத்தேன். "அக்கா, தண்ணியில இருக்கிற மாதிரித்தான் காட்டுது. குடிக்கிறதையும் சமைக்கிறதையும் நிப்பாட்டுங்கோ."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி தம்பி" என்றார்.

அந்த "சரி"யின் விலை 16 நாள். விடியப்புறம் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை, சைக்கிளில் இரண்டு கலனைக் கட்டிக்கொண்டு ஒழுங்கையின் கடைசி வீட்டுக் கிணற்றுக்குப் போனார். அக்காவின் கிணற்றில் தண்ணீர் அள்ளிய அயலட்டைக்காரர் தங்கள் பிள்ளைகளை மறித்தார்கள். "மருந்துக் கிணறு" என்றொரு பெயர் விழுந்தது. ஒரு சின்னப் பெடியனுக்கு வயிற்றால் போனதற்கும் அந்தக் கிணறுதான் காரணம் என்று பேச்சு. தக்காளிக்கும் இறைக்கவில்லை. தப்பி நின்ற கடைசி மூன்று வரிசையும் காய்ந்து போயிற்று.

கோயில் கிணறு

பதினோராவது நாள், ஒப்பிட்டுப் பார்க்க என்று சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரை எடுத்து வந்தேன். அதில் ஒன்று காட்டோரத்துப் பிள்ளையார் கோயில் கிணறு. அதற்கு மேட்டில் வயலே கிடையாது, பாலையும் வீரையும் நிற்கிற காடுதான். அந்த நீரையும் தூளில் விட்டேன். அக்காவின் கிணற்று நீருக்கு ஏறிய அளவுக்கே ஏறியது.

கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிள்ளையார் கோயில் கிணற்றுக்கு யார் களைநாசினி கொண்டுபோய் ஊற்றியது?

அன்றிரவே அச்சில்லாத் தூளைக் கிணற்று நீரில் போட்டுப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. காய்ச்சி வடித்த நீரில் மட்டும் இரண்டு தூளையும் ஒப்பிட்டுவிட்டு, அது போதும் என்று விட்டிருந்தேன். கிணற்று நீரில் அச்சில்லாத் தூளும் தன்னிடம் ஒட்டியிருந்த கூமரினை விட்டது. குழியே இல்லாத தூள் ஒன்றை விடுகிறதென்றால், விட வைப்பது குழிக்குள் வந்து உட்காருகிற ஒன்று இல்லை. தண்ணீரேதான்.

காரணம் பிறகு விளங்கியது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கல்சியமும் இருகாபனேற்றும் அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பதைப் பார்க்காத வீடு வன்னியில் இல்லை. நான் சேர்த்த தாங்கற்கரைசல் அந்த இருகாபனேற்றை எதிர்த்து நிற்க வலுவில்லாமல் போய்விட்டது. பீஎச் மேலே ஏறியது. இந்தப் பல்பகுதியம் அமிலக் கையைப் பிடிப்பது பிரிடீன் வளையத்தில் ஒரு நேரேற்றம் இருக்கும்போதுதான். பீஎச் ஏறினால் அந்த ஏற்றம் குறையும், பிடி தளரும், கூமரின் கழன்று விழும். காய்ச்சி வடித்த நீரில் சோடியம் இருகாபனேற்றும் கல்சியம் குளோரைட்டும் கலந்து பார்த்தேன். களைநாசினி ஒரு துளியும் இல்லாமல் அதே "நேர்" முடிவு வந்தது.

அதோடு முடியவில்லை. அச்சுத் தூளின் ஏற்றம் அச்சில்லாத் தூளின் ஏற்றத்தைவிடக் கொஞ்சம் கூட இருந்தது. அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? தூளை வெறும் கல்சியம் இருகாபனேற்று நீரில் குலுக்கி, வடித்து, யாழ்ப்பாணத்தில் நண்பர் ஒருவரின் எச்பிஎல்சி கருவியில் விட்டோம். கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அதனதன் நேரத்தில் வெளியே விட்டுக் காட்டும் கருவி அது. 2,4-டி வரவேண்டிய நேரத்தில் அதன் வரைகோட்டில் ஒரு சின்ன முளை எழும்பியது. அச்சுக்கு நான் வைத்த 2,4-டியே பல கழுவலுக்குப் பிறகும் தூளின் ஆழத்தில் தங்கியிருந்து கசிந்துகொண்டிருந்தது. இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த குறை இது. பாடமாக எனக்கும் தெரியும். இலக்கைப் போன்ற வேறொரு பொருளை அச்சாக வைத்தால் கசிவு வந்தாலும் இலக்கோடு குழம்பாது என்று 1990களிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். அறிந்திருந்தும், ஒரு குடும்பத்தின் குடிநீரைப் பற்றி வாய் திறக்குமுன் அதைச் சோதிக்கவில்லை.

மறுபடியும் கேட்டது

தூளை எறியவில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்தேன். உணர்கருவியாக நிற்கச் சொல்லாமல், வலையாக நிற்கச் சொன்னேன். சிறு குழாயில் தூளை அடைத்து, அதன் வழியே மாதிரி நீரை மெதுவாக விட்டு, பிடித்ததை மட்டும் பிறகு கழற்றி எடுப்பது. சிறுநீரில் பெண்டமிடீன் என்ற மருந்தை அளக்க இதைப் போன்ற ஒரு வழியை செல்லர்கிறென் 1994இல் காட்டினார். எனக்கு இதில் இரட்டை இலாபம். கழற்றி எடுத்ததை எச்பிஎல்சியில் விட்டால் எம்சிபிஏ ஒரு நேரத்திலும் 2,4-டி இன்னொரு நேரத்திலும் வரும். கசிகிறது கசியட்டும், அதன் முளை வேறு இடத்தில் நிற்கும். என்னை ஏமாற்றிய அச்சே எம்சிபிஏக்கு ஒரு பதில் அச்சாகிவிட்டது.

இந்தமுறை வரிசையை மாற்றினேன். முதலில் கோயில் கிணற்று நீர். ஒரு லீற்றரை அமிலம் விட்டுப் பீஎச் 4க்குக் கொண்டுவந்தேன். இருகாபனேற்று குமிழி குமிழியாகப் போயிற்று. வலையில் விட்டு, கொஞ்ச நீரால் கழுவி, மெதனோலும் அசற்றிக் அமிலமும் விட்டுக் கழற்றி, ஒரு மில்லிலீற்றராகச் சுருக்கினேன். எம்சிபிஏ இடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்து அதே கோயில் நீரில் கொஞ்சம் எம்சிபிஏயை நானே கலந்து விட்டேன். முளை எழும்பியது. பிறகு அதையே அச்சில்லாத் தூளில் விட்டேன். பெரும்பகுதி பிடிபடாமல் ஓடிவிட்டது. இவ்வளவும் ஆன பிறகுதான் அக்காவின் கிணற்று நீரைத் தொட்டேன்.

எம்சிபிஏ இல்லை. அதன் இடத்தில் வெறும் அடிக்கோடு. வேறு நாட்களில் எடுத்த மூன்று மாதிரியும் அதே.

அப்படியென்றால் தக்காளியை முறுக்கியது எது? மறுபடி தோட்டத்துக்குப் போனேன். கொப்பியைத் திறந்து அந்தப் பப்பாசி வரியைப் படித்தேன். பப்பாசியும் அகன்ற இலைச் செடிதான். அந்த இரண்டும் நாள் முழுக்கக் கிணற்றடியில் சிந்துகிற நீரைக் குடித்து நிற்பவை. கிணற்றில் மருந்து இருந்தால் முதலில் முறுக வேண்டியவை அவை. அவற்றின் இலை குடை மாதிரி விரிந்து நின்றது. சோளகத்தில் அள்ளுண்டு வயலில் அடித்த மருந்து வந்திருக்குமோ என்றால், வயல் இருக்கிறது மேற்கே, அடிபட்ட வரிசைகள் கிழக்கே படலைப் பக்கம். இறைத்த நீரில் வந்திருந்தால் எல்லா வரிசைக்கும் ஒரே மாதிரிப் பட்டிருக்கும். படலையில் கடுமையாகத் தொடங்கி உள்ளே போகப்போகக் குறைகிறது. யாரோ ஒருவர் படலையில் தொடங்கி உள்ளே நடந்திருக்கிறார்.

"மருந்து அடிக்கேல்லை எண்டு சொன்னனீங்கள். பூச்சிக்கும் அடிக்கேல்லையோ?"

அக்கா மகனைப் பார்த்தார். பெடியன் தலையைச் சொறிந்தான். "வெள்ளை ஈக்கு ஒருக்கா அடிச்சனான் அண்ணை. கழுவிப்போட்டுத்தான் அடிச்சனான்."

வயலுக்கு அடித்த அதே தோள் தாங்கி, முதுகில் மாட்டி மருந்து தெளிக்கிற தொட்டி. தண்ணீரை விட்டு இரண்டு தரம் குலுக்கி ஊற்றியிருக்கிறான். வயலுக்கு அடித்தது எந்த மருந்து என்று அவனுக்கும் தெரியாது. சோடாப் போத்தலில் வாங்கி வைத்த மிச்சம் அது. 2021 மே மாதம் பசளைக்கும் பீடைநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்து நவம்பரில் எடுபட்டது தெரியும்தானே. அந்தக் காலத்தில் இப்படிப் பகிர்ந்து வாங்கிச் சேர்த்து வைக்கிற பழக்கம் பல வீடுகளில் வந்தது, இன்னும் போகவில்லை.

தாங்கியில் ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் விட்டு, குழாய் வழியாகவும் தெளிமுனை வழியாகவும் ஓடவிட்டு, இரவு முழுக்க வைத்து எடுத்தேன். வலையில் விடவே தேவைப்படவில்லை. நேரே கருவியில் விட்டபோதே எம்சிபிஏ முளை பெரிதாக எழும்பியது. தெளிமுனையின் வடிகட்டியையும் இறப்பர் வளையத்தையும் தனியே ஊறவைத்துப் பார்த்தபோது அவற்றிலும் இருந்தது. தண்ணீரால் அலசினால் இந்த வகைக் களைநாசினி போகாது. வீட்டு அமோனியாவைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தாங்கியும் குழாயும் நிரம்ப ஒரு இரவு விட்டு, பிறகு பல தரம் கழுவ வேண்டும். அதையும் செய்தோம். ஆனால் என் அபிப்பிராயம், களைமருந்துக்கு ஒரு தாங்கி, மற்றதுக்கு ஒரு தாங்கி. அக்கா வீட்டுத் தாங்கியில் இப்போது சிவப்புப் பெயின்றில் ஒரு பெரிய பட்டை இருக்கிறது. அது வயலுக்கு மட்டும்.

கிணற்று நீரையும் தாங்கிக் கழுவலையும் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்துக்குத் திணிவு நிறமாலைமானியில் பார்க்க அனுப்பினோம். பதில் வர நாள் எடுத்தது. கிணற்றில் இல்லை, தாங்கியில் எம்சிபிஏ.

இந்த முறை எவ்வளவு தூரம் பார்க்கும்

கூமரின் ஒளிர்வு முறையின் கீழெல்லை ஹவுப்டின் கையிலேயே லீற்றருக்கு ஏறக்குறைய 100 நனோமோல். எம்சிபிஏயில் அது லீற்றருக்கு 20 மைக்ரோகிராம் அளவு. 2,4-டிக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் சொல்லும் வழிகாட்டி எல்லை 30 மைக்ரோகிராம். கிட்டத்தட்ட விளிம்பில் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் எந்தத் தனிப் பீடைநாசினிக்கும் வைத்திருக்கும் 0.1 மைக்ரோகிராமை அந்த முறை கனவிலும் காணாது. ஒரு லீற்றரை ஒரு மில்லிலீற்றராகச் சுருக்கும் வலை முறைதான் அங்கே இறங்கும். அதுவும் கருவி உள்ள ஆய்வுகூடத்தில் மட்டும். வயல் வரம்பில் நின்று சொல்ல முடியாது. ஆகவே "வாசலிலேயே சோதிக்கலாம்" என்று யாராவது அச்சுப் பல்பகுதியத்தைக் கொண்டுவந்தால், எங்கள் ஊர்க் கல்சியத் தண்ணீரில் அச்சில்லாத் தூளோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். வயலே இல்லாத ஒரு கிணற்றின் நீரிலும் காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

அதே நேரம் தூள் பொய்யில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தொகுதியை ஆவணி வெக்கையிலும் புரட்டாதியிலும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். குளிர்ப்பெட்டி கண்டதில்லை. கலந்து வைத்த எம்சிபிஏயை முன்பு பிடித்த மாதிரியே பிடித்தது.

ஒழுங்கை

கிணறு சுத்தம் என்று கோலில் சொன்னால் அக்காவுக்குப் போதும். ஒழுங்கைக்குப் போதாது. "மருந்துக் கிணறு" என்ற பெயர் என் வாயிலிருந்து தொடங்கியது, ஆகவே நானே போனேன். ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் திண்ணையில் இருந்து, முதல் சோதனையில் நான் விட்ட பிழையையும், கோயில் கிணற்றையும், தாங்கியையும் சொன்னேன். இரண்டு வீட்டில் நம்பினார்கள். ஒரு வீட்டில் "உங்களுக்கே தெரியேல்லை எண்டா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, கொழும்பு அறிக்கையைக் காட்டினேன். வயிற்றால் போன பெடியனின் தாய் அறிக்கையை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்துத் தந்தா.

கடைசியாகப் போனது, அக்கா தண்ணீர் எடுக்கப் போன கடைசி வீடு. அங்கே ஒரு வயதான அம்மா தனியே இருக்கிறா, பிள்ளைகள் எல்லாம் வெளியில். நான் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அப்ப இனி அவள் கலனோட வரமாட்டாளோ, தம்பி? விடியப்புறத்தில வந்து நிண்டு கதைச்சுப்போட்டுப் போவாள்."